ஒரு மாட்டுக்கு இவ்வளவு பச்சையா

எங்கள் வயல் அந்த வருஷம் கறுத்தது. பயிர் நன்றாகச் சத்து எடுத்தால் பச்சை கூடிக்கொண்டே போய்த் தூரத்திலிருந்து பார்க்கும்போது கறுப்பாகத் தெரியும். எங்கள் பக்கத்தில் அதைத்தான் பயிர் கறுத்துவிட்டது என்பார்கள். பார்க்கிற எவருக்கும் மனது குளிரவேண்டும். எனக்குக் கணக்கு உதைத்தது.

எங்களுக்கு இருப்பது மூன்று மா, அதாவது ஒரு ஏக்கர். பட்டுக்கோட்டைச் சாலையிலிருந்து உள்ளே தள்ளி, புது ஆற்றின் கிளை வாய்க்கால் ஒன்றில் பாசனம். மாடு ஒன்றுதான். சாணம், கோமியம், வெல்லம், பயறு மாவு எல்லாம் போட்டு ஊறவைத்து, பாசனத் தண்ணீரோடு வயலுக்கு விடும் கரைசல்தான் எங்களுக்கு உரம். அந்த ஐப்பசி அடைமழையில் கொட்டகை ஒழுகி, கோமியம் பிடிக்க முடியாமல், கரைசல் டிரம் பாதி நாள் காலியாகவே கிடந்தது. அப்படியிருக்க, பயிர் மட்டும் எங்கிருந்து தின்கிறது?

யூரியாவும் பூச்சிமருந்தும் போடாமல் விவசாயம் செய்கிறவர்களின் குழு ஒன்று எங்கள் ஊரில் உண்டு. நிலம் என் பெயரில் இருப்பதால் அதில் நான்தான் உறுப்பினர், என் வீட்டுக்காரர் இல்லை. வெளியிலிருந்து யாரும் வந்து சோதிப்பதில்லை. ஒருவர் வயலை மற்றவர்கள் போய்ப் பார்த்து, சுத்தம் என்று சொல்லவேண்டும். ஒருவர் ஏமாற்றினாலும் குழுவுக்கே பெயர் போய்விடும். கேட்க நன்றாக இருக்கிறது. நடைமுறையில், பக்கத்து வயல்காரனை வேவு பார்ப்பதைப் புண்ணியக் காரியமாக நினைத்துச் செய்ய ஆரம்பித்துவிடுவோம். ஆட்டைக் காணோம் என்று தேடி வருகிறவர் நம் வரப்பில் குனிந்து மண்ணை எடுத்து மோந்து பார்ப்பார். ஆடு அவர் வீட்டில் கட்டிக் கிடக்கும்.

நானும் லேசுப்பட்டவள் இல்லை. என் அம்மா கூலி நெல் வாங்கப் போகும்போது, அளக்கிற மரக்காலை வாங்கிக் கவிழ்த்து அடியில் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் முந்தானையை விரிப்பாள். பண்ணைக்காரர்கள் முறைப்பார்கள், அவள் கண்டுகொள்ள மாட்டாள். அந்த வயிற்றில் பிறந்தவள் நான். நிலம் கைக்கு வந்தும், கல்லூரியில் படித்தும், இந்தத் தட்டிப் பார்க்கிற புத்தி மட்டும் போகவில்லை. போகவேண்டும் என்று நினைத்ததும் இல்லை.

எங்களுக்கு மேல்வயல்காரர் சிங்கப்பூரில் பல வருஷம் வேலை பார்த்துவிட்டு வந்தவர். என் அப்பா அவருடைய அப்பாவை 'ஐயா' என்று கூப்பிட்டுக் கைகட்டி நின்றவர். நான் இவரை 'அண்ணே' என்பேன். அவரும் 'தங்கச்சி' என்பார், பக்கத்தில் ஆள் இருந்தால் கொஞ்சம் சத்தமாகவே. அந்தச் சத்தத்தின் மேல் எனக்கு எப்போதும் ஒரு கண்.

அவர் வயல் வாய்க்காலை ஒட்டியிருக்கிறது. எங்களுடையது அவருக்குக் கீழே ஒரு முழம் தாழ்வு. எங்களுக்கு அவர் வயல் வழியாகத்தான் தண்ணீர் வரவேண்டும். அவர் கரைசல் விடும் நாட்களில் மட்டும் எங்கள் பக்கத்து மடையை அடைத்துவிடுவார். சத்தெல்லாம் அவர் வயலிலேயே நிற்கட்டும் என்று. நியாயம்தான். நானாக இருந்தாலும் அடைத்திருப்பேன்.

அவருக்குப் பெருமை நண்டு. மருந்தடித்த காலத்தில் செத்தொழிந்த வயல் நண்டு திரும்பி வந்துவிட்டதே, மண் சுத்தமானதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும் என்று வருகிறவர்களை எல்லாம் வரப்பில் உட்காரவைத்துக் காட்டுவார். சளி பிடித்தால் எங்கள் தெருப் பெண்கள் நண்டு பிடித்து இடித்து ரசம் வைப்பது வழக்கம். அவர் வயலில் இறங்கியவர்களை, "நண்டு மேல கை வைக்கக் கூடாது, அது நம்ம நண்பன்" என்று மேலே ஏற்றிவிட்டார். நண்பன் பெருகினான்.

குழுவில் வருஷத்துக்கு ஒரு வயலை விதை வயலாகத் தேர்ந்தெடுப்போம். அந்த வயலில் விளைவதைத்தான் மறுவருஷம் எல்லோரும் விதைப்பார்கள். அந்த வருஷம் தூயமல்லி நெல்லுக்கு எங்கள் வயலைப் பேசினார்கள். நாங்கள் மற்றவர் வயலில் நாற்றுப் பறித்து, நட்டு, அறுத்தவர்கள். எங்கள் மண்ணில் விளைந்த விதை அந்த வீடுகளின் குதிருக்குப் போகும் என்று நினைக்கும்போது எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. வேண்டும் என்று நான் ஆசைப்பட்டது வாழ்க்கையில் குறைவு. அதை ஆசைப்பட்டேன்.

வயல் பார்க்க வந்த அன்று ஒவ்வொருவரும் அவரவர் வித்தையைக் காட்டினார்கள். ஒருவர் மண்புழு தேடிக் கிளறினார். ஒருவர் தோகையைக் கிள்ளி நாக்கில் வைத்துப் பார்த்தார், என்ன ருசி தெரிந்ததோ. மேல்வயல்காரர் மட்டும் குனியவே இல்லை. நின்றபடி எங்கள் பயிரைப் பார்த்தார், திரும்பித் தன் பயிரைப் பார்த்தார். அது சோகை பிடித்த மாதிரி வெளிறிக் கிடந்தது.

"வீட்ல மாடு எத்தனை தங்கச்சி?"

"ஒண்ணுதாண்ணே. உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும், தெரியும். நான் நாலு வச்சிருக்கேன். ஒரு மாட்டுக்கு இவ்வளவு பச்சையான்னு பாத்தேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். மற்றவர்கள் சிரிக்கவில்லை. கிளறிக்கொண்டிருந்தவர் எழுந்து கையைத் தட்டிக்கொண்டார். விதை வயலைத் தான் பிடித்துக்கொள்ளப் பார்க்கிறார், அதற்காகப் பழி போடுகிறார் என்று எனக்குக் கோபம் பொங்கியது. ஏதோ வெடுக்கென்று சொல்லத் திரும்பினேன். அப்போது என் வீட்டுக்காரர் முகம் கண்ணில் பட்டது. அவர் யாரையும் பார்க்காமல் இரு வயலுக்கும் நடுவிலிருக்கும் வரப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். சொல்ல வந்ததை விழுங்கிவிட்டேன்.

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. வெளியாள் சந்தேகப்பட்டால் சண்டை போடலாம். வீட்டுக்குள்ளே சந்தேகம் வந்தால் சோறு போட்டுக்கொண்டேதான் சந்தேகப்பட வேண்டும்.

என் வீட்டுக்காரர் லோடு ஆட்டோ ஓட்டுவார், தென்னந்தோப்புகளிலிருந்து தேங்காய் ஏற்றிப் பட்டுக்கோட்டைக்குப் போவார். இயற்கை விவசாயம் எல்லாம் என் பிடிவாதம். முந்தின வருஷம் எங்கள் பயிர் வெளுத்துப் போனபோது டீக்கடையில் அவரை, "பொண்டாட்டி பேச்சைக் கேட்டு வயலைப் பட்டினி போடுறான்" என்று கேலி செய்திருக்கிறார்கள். வந்து ஒன்றும் சொல்லவில்லை, டீக்கடைக்குப் போவதை நிறுத்திக்கொண்டார். அந்த மனிதர் இரண்டு கை யூரியாவை விடியலில் வீசியிருந்தால் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது என்று ஒரு பக்கம் தோன்றும். சீச்சீ, இவரா என்று மறுபக்கம் தோன்றும். மறுபக்கத்தின் குரல் நாளாக ஆகத் தேய்ந்தது.

நடவு வேர் பிடித்ததிலிருந்து அவர் வழக்கத்தை மாற்றியிருந்தார். பொழுது புலரும் முன்பே வயலுக்குப் போய்விடுவார். முன்பெல்லாம் ஆட்டோவைத் துடைத்த பிறகுதான் வயல் ஞாபகமே வரும். திரும்பி வந்ததும் கைபம்பில் நின்று முழங்கை வரை தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் உள்ளே நுழைவார். ஒருநாள் கொட்டகையில் வைக்கோலுக்கு அடியில் ஒரு யூரியா சாக்கு மடித்துக் கிடந்ததைப் பார்த்தேன். யூரியா சாக்கு இல்லாத வீடு டெல்டாவில் ஏது? கால்மிதியே அதுதான். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் அன்று சாயங்காலம் நான் ஒன்றும் கேட்காமலே அவர், "அந்தச் சாக்கு வைக்கோலு நனையாம மூடறதுக்குன்னு வாங்கியாந்தது" என்றார். எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்று பிள்ளை சொன்ன கதைதான்.

துண்டை எடுத்து மோந்து பார்த்தேன். வெறும் வேர்வை. வயலுக்குப் போய்த் தண்ணீரைக் கையில் அள்ளினேன். புளித்த வெல்ல வாடையும் மாட்டு வாடையும் அடித்தது. அப்பாடா, இது கரைசல் வாடைதான் என்று நிம்மதியாக வீட்டுக்கு வந்து பார்த்தால், எங்கள் டிரம் மழைக்குக் கவிழ்த்து வைத்தபடி கிடந்தது. வாடையும் என் பிரமையோ என்று ஆகிவிட்டது.

கடைசியில், சாப்பிட்டு எழுந்தவரின் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தேன். யூரியா வீசுகிற கையில் ரேகைகளுக்கு நடுவே தோல் வெளுத்துச் சுரசுரப்பாக இருக்கும் என்று கேள்வி. அவர் கையில் தேங்காய் மட்டை கிழித்த தழும்புதான் இருந்தது.

"என்ன பாக்குற?"

"சும்மாதாங்க. ரேகை பாத்தேன்."

"என்ன சொல்லுது?"

"ஒண்ணும் சொல்ல மாட்டேங்குது" என்றேன். அவர் கையை மெதுவாக இழுத்துக்கொண்டார்.

நேரே கேட்டிருக்கலாம். கேட்டால் இல்லை என்பார். அந்த இல்லையை நான் நம்பாவிட்டால் பிறகு என்ன செய்வது? அதற்குப் பயந்துதான் கேட்கவில்லை.

கதிர் வெளியே வருவதற்கு முன், பயிர் பொதி கட்டும் சமயம் விதை வயல் சத்தியம் நடக்கும். குழுவுக்குக் காகிதங்களும் உண்டு, ஆனால் காகிதத்தை யார் நம்புகிறார்கள்? வயலின் சனி மூலையில், வடகிழக்கில், வாழை இலையில் சூடம் ஏற்றி, இந்த மண்ணில் விஷம் போடவில்லை என்று உறுப்பினர் தன் கையால் அணைக்கவேண்டும். அணைத்தால் பேச்சு முடிந்தது. பொய்ச் சத்தியம் செய்தால் அந்த நிலத்தில் கால் வைக்கிற பிள்ளைகளுக்கு ஆகாது என்பார்கள். எனக்குச் சாமி நம்பிக்கை பெரிதாக இல்லை. சூட நம்பிக்கை உண்டு.

எல்லோரும் வந்திருந்தார்கள். மேல்வயல்காரர் வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தார். என் வீட்டுக்காரர் உறுப்பினர் இல்லாததால் பத்தடி தள்ளி நின்றார். சூடத்தை ஏற்றினார்கள்.

"சொல்லிட்டு அணைங்க தங்கச்சி. மடியில கனமில்லன்னா வழியில பயம் எதுக்கு?" என்றார் மேல்வயல்காரர்.

நான் கையை நீட்டினேன். என் கை யூரியாவைத் தொட்டதில்லை, அது எனக்குத் தெரியும். ஆனால் சத்தியம் என் கைக்கு மட்டுமா? வயலில் இறங்கிய எல்லாக் கைக்கும் சேர்த்துத்தான். என் கை சூடத்துக்கு மேலேயே நின்றது. சுட்டது. கீழே இறங்கவில்லை. யாரோ கனைத்தார்கள். நான் திரும்பி என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. ஒரு நொடிதான், ஆனால் என் மனதில் இருந்தது அத்தனையும் அந்தப் பார்வையில் போய்விட்டது.

அவர் துண்டைத் தோளிலிருந்து எடுத்தார். "யூரியா போடலைங்க" என்றார். "ஆனா ஒண்ணு சொல்லணும். நடு வரப்புல நண்டு வளை வுழுந்திருக்கு. அண்ணன் கரைசல் விடுறப்ப எல்லாம் அது வழியாத்தான் எங்க வயலுக்கு வந்துச்சு. தெனம் போய்ப் பாத்தேன். அடைக்கல."

சூடம் தானாக அணைந்தது.

எங்கள் பக்கத்தில் வரப்பில் ஓட்டையைக் கண்டால், யார் வயல் என்று கேட்காமல் சேற்றை வைத்து மிதித்து அடைத்துவிட்டுப் போவதுதான் முறை. வழிப்போக்கன்கூடச் செய்வான். பார்த்தும் அடைக்காமல் போனவனுக்கு ஊரில் ஒரே பெயர்தான், திருடன்.

"எத்தனை நாளா?" என்றார் மேல்வயல்காரர்.

"நடவு வேர் புடிச்சதுலேர்ந்து."

"அடைக்காம வுட்டதுக்கு என்ன பேருன்னு தெரியும்ல?"

"தெரியும்ங்க" என்றார் என் வீட்டுக்காரர். தலை குனியவில்லை.

எல்லோரும் நடு வரப்புக்குப் போனோம். அருகம்புல் மண்டிய இடத்தை அவர் விலக்கிக் காட்டினார். மேல்வயலிலிருந்து தண்ணீர் சத்தமே இல்லாமல் எங்கள் வயலுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. பழுப்பாக, அதே புளித்த வாடையோடு. அன்று காலையிலும் மேல்வயல்காரர் கரைசல் விட்டிருக்கிறார். தண்ணீர் நிற்க மாட்டேன் என்கிறதே, மண் மணல்சாரி போலிருக்கிறது என்று இத்தனை நாளும் அவர் வாய்க்காலிலிருந்து தண்ணீரைத் திறந்து திறந்து விட்டுக்கொண்டிருந்தார். வரப்பைச் சுற்றி நடக்கவில்லை.

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தது. மேல்வயல்காரரோ விடுவதாக இல்லை.

"நண்டு போட்ட ஓட்டை இவ்வளவு நேரா இருக்குமா? இது கடப்பாரையால போட்டது. எனக்குத் தெரியாதா?" என்று சட்டைக் கையை மடித்துவிட்டு வளைக்குள் விரல்களை விட்டார். விட்ட வேகத்தில், "ஆ" என்று இழுத்தார். ஆள்காட்டி விரலைக் கவ்விக்கொண்டு நல்ல பெரிய நண்டு ஒன்று கூடவே வந்தது.

குழுவில் வயதில் மூத்தவள் எங்கள் தெருப் பெரியம்மா ஒருத்தி. வாய்க்கால் வெட்டிய கை. அவள்தான் கொடுக்கைப் பிரித்து விரலை விடுவித்தாள். விடுவித்துக்கொண்டே, "நண்பன்னு சொன்னீங்களே தம்பி, கை குடுக்குறான்" என்றாள். மற்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அவள் முடிக்கவில்லை. "நண்டு புடிக்க வந்தவளுவள வெரட்டுனீங்க. அவளுவ ரசத்துக்குப் போயிருந்தா இது வரப்பைத் தொளைச்சிருக்குமா? சாணி உங்க மாடு போட்டது, வளை உங்க நண்டு போட்டது. இவன் அடைக்காதது தப்பு. அதை இவனே சொல்லிட்டான். விஷம் போட்டானா, அதைப் பேசுங்க."

பேசினார்கள். வெகு நேரம் பேசினார்கள். அடைக்காதவன் வீட்டு விதை நமக்கு வேண்டுமா என்று ஒருவர் கேட்டார். தானாக ஒப்புக்கொண்டவனை நம்பாமல் வேறு யாரை நம்புவது என்று இன்னொருவர் கேட்டார். மேல்வயல்காரர் விரலை வாயில் வைத்துக்கொண்டு நின்றார். கடைசியில் அவரே, "சூடத்த ஏத்துங்க" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக அவரிடம் எனக்கு இருந்த கோபத்தில் பாதியைத் தள்ளிவிட்டேன். மீதி இருக்கிறது.

புதுச் சூடம் ஏற்றினார்கள். இந்த மண்ணில் விஷம் போடவில்லை என்று சொல்லி ஒரே அறையாக அணைத்தேன். உள்ளங்கை கன்றிப்போயிற்று. தூயமல்லிக்கு அந்த வருஷம் எங்கள் வயல்தான் விதை வயல்.

அதன்பிறகு என் வீட்டுக்காரரும் மேல்வயல்காரரும் எதிரெதிரே நின்று களிமண் வைத்து அந்த வளையை மிதித்தார்கள். மறுநாளிலிருந்து மேல்வயல்காரர் விடியலிலேயே வரப்பைச் சுற்றி வர ஆரம்பித்தார், இன்றுவரை வருகிறார். எங்கள் பக்கத்தில் குச்சியோ கம்பியோ கிடக்கிறதா என்று பார்த்துக்கொண்டுதான் நடக்கிறார். தெருப் பெண்கள் நண்டு பிடிக்க இறங்கினால் இப்போது பார்க்காத மாதிரி போய்விடுகிறார்.

அன்று திரும்பி வரும்போது நான் என் வீட்டுக்காரர் பக்கத்தில் நடந்தேன். எனக்கு மனது லேசாகியிருந்தது, பேச்சு வந்தது.

"எங்கிட்டயாவது முன்னாடியே சொல்லியிருக்கலாம்லங்க?"

"சொன்னா அடைன்னுருப்ப. பயிரு வெளுத்துடும். விதை வயலு வேணும்னு நீ எவ்வளவு ஆசைப்பட்டன்னு தெரியும்."

வாய்க்கால் மதகைத் தாண்டியதும் நின்றார்.

"அண்ணன் என்னைய யூரியாக்காரன்னு நெனைச்சாரு, அது பரவால்ல புள்ள. அவரு என்னோடவா குடும்பம் நடத்துறாரு?" என்றார். "அன்னிக்கு நீ ரேகை பாக்கலன்னு எனக்கு அன்னிக்கே தெரியும்."

சொல்லிவிட்டு நடந்துவிட்டார்.

சண்டை ஒன்றும் வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். எப்போதும் போலத்தான் இருக்கிறோம். தேங்காய் ஏற்றப் போகிறார், வருகிறார், டீக்கடைக்கும் இப்போது போகிறார். எங்கள் விதை இந்த வட்டாரத்தில் பல வயல்களில் நிற்கிறது. பஸ்ஸில் போகும்போது ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே போவேன்.

ஒன்றே ஒன்றுதான் மாறியிருக்கிறது. வயலிலிருந்து வந்தால் அவர் இப்போது நேரே கைபம்புக்குப் போவதில்லை. அடுப்படி வாசலில் வந்து நின்று, சேறும் சகதியுமாக இரண்டு உள்ளங்கைகளையும் என் முன்னால் விரித்துக் காட்டுகிறார். முதல் நாள் கேலி என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. நான் பார்த்துத் தலையை ஆட்டிய பிறகுதான் கழுவப் போகிறார்.